சாயப் பொய்

மர்சியெமுக்கு அந்தச் சந்தில் யாரையும் பிடிக்காது. ஆனால் எல்லோரையும் வெறுக்க நேரம் ஏது? ஆகவே பக்கத்து வீட்டு வெள்ளிப் பட்டறை தர்சோனோவை மட்டும் தேர்ந்தெடுத்து, நாள் தவறாமல், முறையாக வெறுத்தாள். விடியற்காலைத் தொழுகையை முடித்துக் கிணற்றடிக்கு வந்தால் முதல் காரியம் மதிலைப் பார்த்துக் காறித் துப்புவது. தண்ணீர் இறைப்பது அதற்குப் பிறகுதான்.

கிணறு ஒன்று, வீடு இரண்டு. கோத்தாகெடே ஊர்ச் சந்துகளில் இடம் அவ்வளவு நெருக்கம். மதில் சுவர் கிணற்றின் வாயைச் சரிபாதியாக அறுத்துக்கொண்டு போகும். இந்தப் பக்கம் சாயக்காரி மர்சியெமின் ராட்டினம், அந்தப் பக்கம் தர்சோனோவின் மனைவி துமிராவின் ராட்டினம். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. வாளி தெரியும், வாய் கேட்கும். சண்டைக்கு அது போதாதா?

"தண்ணியில நுரை மிதக்குது. எந்தப் பேய் தலைமுழுகிச்சோ!"

"பேய்க்குத்தான் பேயைத் தெரியும், அக்கா. நாங்க பூந்திக்கொட்டை போட்டு வெள்ளி தேய்ச்சோம். வெள்ளின்னா என்னன்னு தெரியுமா? உங்க வீட்டுல பாத்திருக்க மாட்டீங்க."

"பாக்காம என்ன? என் புருஷன் பொணத்தைத் தூக்கும்போது உன் புருஷன் வெள்ளியத்தான தட்டிக்கிட்டிருந்தான். டொக்கு டொக்குன்னு காதுல விழுந்துச்சே."

அன்றைக்குப் பட்டறை பூட்டிக் கிடந்தது என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். மர்சியெமுக்கும் தெரியும். தர்சோனோ சர்க்கரையும் தேயிலையும் எடுத்துக்கொண்டு துக்கத்துக்கு வந்தான். அவள்தான் அந்தச் சர்க்கரையை அவன் கண்முன்னே கோழிகளுக்குக் கொட்டினாள்.

அந்த வெறுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாத்திக் துணியில் மெழுகால் கோலம் எழுதுவது ஒரு கூட்டம், சாயம் தோய்ப்பது வேறொரு கூட்டம். இமோகிரிப் பக்கத்துப் பெண்கள் ஆறு மாதம் குனிந்து உட்கார்ந்து மெழுகில் எழுதிய துணி மர்சியெம் வீட்டுக்கு வரும். அவள் மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துப் பழுப்பு ஏற்றி, கடைசியில் பெரிய அண்டாவில் கொதிக்கவிட்டு மெழுகை உருக்கி எடுப்பாள். அந்த அடுப்பு முதலில் மதிலோரமாக இருந்தது. அதன் புகை பட்டு, கம்பி கம்பியாக இழைத்து வைத்த வெள்ளிப் பூக்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கறுத்துவிடுகின்றன என்று தர்சோனோ சந்துத் தலைவரிடம் முறையிட்டான். தலைவர் வந்து பார்த்தார், தாடையைத் தடவினார், அடுப்பை மாற்றச் சொல்லிவிட்டார். மாற்ற இருந்த ஒரே இடம் பின்கட்டு. அதை ஒட்டிய அறையில்தான் அவள் புருஷன் கர்த்தோ படுப்பான். இரண்டு மழைக்காலம் இருமினான். மூன்றாவது மழைக்கு இல்லை.

பழைய காசம் என்றார் மருத்துவர். இருக்கலாம். "அவன் வெள்ளி கறுக்கக் கூடாதுன்னு என் புருஷன் நெஞ்சு கறுத்துப் போச்சு" என்று மர்சியெம் சொன்னாள். அடுப்பை மாற்றச் சொன்னவன் தர்சோனோதான். அந்த மட்டில் அவள் சொன்னதில் பொய்யில்லை.

மற்றபடி பொய் சொல்வது அவள் தொழிலில் ஒரு பகுதி.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். அங்கே ஒரு துணிக்கு ஒரு பொய். துணி பட்டைச் சாற்றில் இறங்குகிற அன்று காலை, சாயக்காரி வெளியே போய் ஊருக்குள் ஒரு பொய்யை அவிழ்த்துவிட வேண்டும். மெழுகை உருக்கி எடுக்கிற நாள் வரை அந்தப் பொய் ஊரில் உலாவினால் சாயம் பிடிக்கும். பிறகு அவளே சந்தைக்குப் போய், "சாயம் எடுத்தாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். ஏமாந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: பொய் பொய்யாகவே இருக்க வேண்டும். பவீரோ என்று ஒரு கிழட்டுச் சாயக்காரன் முன்னொரு காலத்தில், வட்டாரத் தலைவர் செத்துப்போனார் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு வந்தான். அன்று மத்தியானமே அந்த மனுஷர் நிஜமாகச் செத்துப்போனார். பவீரோவின் துணி தேமல் விழுந்த முதுகு மாதிரி திட்டுத் திட்டாக வந்தது. இந்தக் கதையைச் சாயக்காரர்கள் வேதம்போல் சொல்லுவார்கள்.

பொய்யில் மர்சியெமை மிஞ்ச ஆளில்லை. கல்லறை மலைப் படிக்கட்டில் ஒரு படி கூடிவிட்டது என்பாள். நாலு கிழவர்கள் மெனக்கெட்டு ஏறி எண்ணிவிட்டு வருவார்கள். பதினைந்து வயதில் சாயக்கார வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமியார் கண்ணை மூடியதும் அண்டா அவள் கைக்கு வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு துணிகூட அவள் கையில் கெட்டதில்லை. முழங்கை வரை பழுப்பேறிய கையை ஆட்டிக்கொண்டு அவள் சந்தையில் நடந்தால், மற்ற சாயக்காரிகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவளிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். புருஷன் போய்விட்டான். மகன் ஜகார்த்தாவில் கட்டட வேலை, பெருநாளைக்குப் பெருநாள் வருவான். மருமகள் யத்மியோடு அவளுக்குப் பேச்சென்று ஒன்று கிடையாது. ஏச்சு மட்டும்தான்.

கர்த்தோ இறந்த ஆயிரமாவது நாள் ஓதல் விருந்து நடந்தது. சந்தில் அத்தனை வீட்டையும் அழைத்தாள், ஒரு வீட்டைத் தவிர. பாய் நிறைய ஆண்கள் உட்கார்ந்திருக்க, பலாக்காய்க் குழம்பை வாயில் வைத்தவள் அங்கேயே ஆரம்பித்தாள்.

"உப்பில்லாம ஆக்கிக் கொட்டியிருக்கா பாரு. செத்தவன் பேருல கூட ஒரு கல்லு உப்பு போட மனசு வரல."

"போட்டிருக்கேன், அத்தே."

"போட்டியா? என் நாக்கு என்ன மரக்கட்டையா? கொண்டா இங்க." ஒரு பிடி உப்பை அள்ளிக் குழம்புப் பானையில் போட்டுக் கலக்கினாள்.

விருந்தாளிகள் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டார்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். யத்மி மூன்று முறை கிணற்றுக்குப் போய் வந்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பதினொரு வருஷமாக அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

மறுநாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து துமிராவின் குரல் வந்தது. அழைக்காத கோபம் அதில் பொங்கிக்கொண்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் சோறு போட்டீங்களாமே அக்கா. செத்தவரைக் கேட்டிருந்தா எங்களைத்தான் மொதல்ல கூப்பிடச் சொல்லியிருப்பாரு."

"எம் புருஷன் பேரை உன் வாயால சொல்லாத."

"ஏன் சொல்லக் கூடாது? கர்த்தோ அண்ணன் கடைசி ஒரு வருஷம் பகல் முழுக்க எங்க பட்டறையிலதான் உக்காந்திருந்தாரு. நீங்க கடைத்தெருவுக்குப் போனதும் வந்துடுவாரு. புகைக்குப் பயந்து வரலக்கா, உங்க வாய்க்குப் பயந்து வந்தாரு. அவரே சொன்னாரு."

மர்சியெமின் கையிலிருந்த கயிறு நழுவி, வாளி கிணற்றுக்குள் விழுந்தது. அது உண்மையாக இருக்கலாம் என்பதுதான் அவளைக் கொன்றது. கடைத்தெருவிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் கர்த்தோ மூச்சிரைக்க வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு மொத்த வியாபாரி ரெத்னோ அம்மாளின் துணி ஒன்று சாயத்தில் இறங்க வேண்டியிருந்தது. மர்சியெம் பட்டைச் சாற்றை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு நீரையும் அப்படியே பார்த்தாள். சாற்றின் துவர்ப்பு அடிநாக்கில் பிடிக்க வேண்டும், சுண்ணாம்பின் காரம் நுனியில் சுட வேண்டும். எல்லாச் சாயக்காரிகளுக்கும் அளவுகோல் நாக்குதான். கொஞ்சம் மட்டாகப் பட்டது. இன்னும் சுண்ணாம்பு அள்ளிப் போட்டாள். துணியை இறக்கிவிட்டுச் சந்தைக்கு நடந்தாள்.

வேறொரு பொய்தான் தயாராக வைத்திருந்தாள். அரண்மனை யானை ஒன்று சைக்கிள் ஓட்டப் பழகுகிறது என்பது. ஆனால் டெம்பே என்னும் சோயாக் கட்டி விற்கிறவளின் முன்னால் குந்தியதும் வாயில் வந்தது வேறு.

"சேதி தெரியுமா? தர்சோனோ பட்டறையில ஜெர்மன் சில்வர் உருக்குறாங்க. முக்கால்வாசி அதுதான். மேலதான் வெள்ளிப் பூச்சு."

டெம்பேக்காரி சிரிக்கவில்லை. யானைக் கதைக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவள், இப்போது தன் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். தோடு தர்சோனோ செய்தது. மர்சியெமுக்கு அடிவயிற்றில் குளுகுளுவென்றிருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் மறைக்கவும் இல்லை. வீடு திரும்பும் வழியில் இரண்டு தேங்காய்ப் பணியாரம் வாங்கித் தனியாகத் தின்றாள்.

நாலாம் நாள் அண்டாவில் மெழுகு உருகி மிதந்தது. துணியை அள்ளி எடுத்துப் பிழிந்து உதறினாள். உதறிய கை அப்படியே நின்றது. பழுப்பு ஏற வேண்டிய இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்து, ஓரங்களில் கருகி, சொறி பிடித்த நாயின் முதுகு போலிருந்தது. யத்மி எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

முப்பத்தொரு வருஷத்தில் முதல் துணி. மர்சியெம் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். தன் கை தப்பிவிட்டதா? அப்படி நினைக்கவே அவளால் முடியவில்லை. அதைவிடச் சாவு மேல். அப்போதுதான் பவீரோவின் துணி நினைவுக்கு வந்தது. பொய் உண்மையானால் சாயம் கெடும். துணி கெட்டுவிட்டது. அப்படியானால்?

"அடியே யத்மி!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். "நான் சொன்னது நெஜம்டி! அந்தப் பாவி நெஜமாவே ஜெர்மன் சில்வர்தான் உருக்குறான்! நான் பொய்யின்னு நெனச்சுச் சொன்னேன், துணி காட்டிக் குடுத்துடுச்சு!"

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். விரித்துக் காட்டினாள். ஊரில் வேறு யாராவது வந்து தர்சோனோவைக் கள்ளன் என்று சொல்லியிருந்தால், சாட்சி எங்கே என்று கேட்டிருப்பார்கள். மர்சியெமின் துணி கெட்டது என்றால் அதற்கு மேல் சாட்சி எதற்கு? கெடாத கையில் கெட்டிருக்கிறது. துணிக்குச் சொந்தக்காரியான ரெத்னோ அம்மாளே, "உம்மேல தப்பில்ல மர்சியெம், அவன் பண்ண பாவத்துக்கு என் துணி போச்சு" என்று சொல்லிவிட்டு, தர்சோனோ செய்த தன் வெள்ளி வெற்றிலைப் பெட்டியைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பினாள்.

தர்சோனோ உரைகல்லை எடுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தான். கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து தன் கிண்ணத்தையும் தட்டையும் உரைத்து உரைத்துக் காட்டினான். சுத்த வெள்ளி.

"உரைக்கிறதுக்குன்னு ஒண்ணு நல்லதா வச்சிருப்பாரு" என்றான் ஒருவன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செமாராங் வியாபாரி நாற்பது தேநீர்க் குவளைகளுக்குக் கொடுத்திருந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பட்டறையில் இருந்த ஐந்து ஆட்களில் நாலு பேர் வேறு பட்டறைக்குப் போனார்கள். மதிலுக்கு அப்பால் சுத்தியல் சத்தம் நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைந்தது. மர்சியெம் தினமும் காது கொடுத்துக் கேட்டாள். நன்றாகத்தான் தூங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த துணி வந்தது. இந்த முறை வம்பே வேண்டாம் என்று, கால்நடைச் சந்தையில் ஒரு ஆடு முட்டை போட்டது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஊர் சிரித்தது. சாற்றை நாக்கில் விட்டுப் பார்த்தாள், மட்டாகப் பட்டது, சுண்ணாம்பு அள்ளிப் போட்டாள். நாலாம் நாள் துணியை உதறினாள்.

அதே சொறி.

அவள் துணியைச் சுருட்டி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் திணித்தாள். திரும்பினால் யத்மி நின்றிருந்தாள்.

"அப்ப ஆடு முட்டை போட்டுடுச்சா, அத்தே?"

"வாயை மூடுடி!"

"மூடித்தான் இருந்தேன். பதினோரு வருஷமா." யத்மி உள்ளே போய் இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இதுல ஒண்ணு சும்மா தண்ணி, ஒண்ணுல சுண்ணாம்பு. எதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

மர்சியெம் முதல் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். இரண்டாவதையும் வைத்தாள். மறுபடி முதலாவது. இரண்டும் ஒன்றுதான். நுனியில் சுடவில்லை, அடியில் பிடிக்கவில்லை. ஓதல் விருந்துக்குச் சற்று முந்திப் பத்து நாள் அடித்த காய்ச்சலுக்குப் பிறகு எதுவுமே ருசிக்கவில்லை. அதை மருமகளின் சமையல் என்றே நினைத்திருந்தாள்.

"அந்த ஓதல் விருந்துல எல்லாரும் எவ்வளவு தண்ணி குடிச்சாங்கன்னு பாத்தீங்களா?" என்றாள் யத்மி. அவள் குரலில் துளி இரக்கம் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மர்சியெமுக்கு உரிமையும் இல்லை.

உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டாள். ஆட்டின் முட்டை பொரிந்துவிட்டதா என்று வழியில் கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தாள். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நாக்குச் செத்த சாயக்காரியும் குருட்டுத் தையற்காரனும் ஒன்றுதான். ஒரு முழத் துணி வராது. சொல்லாமல் விட்டால் தர்சோனோ தொலைந்தான். தொலையட்டுமே! அவள் வேண்டியது அதுதானே?

அதுதான். ஆனால் ஒன்று அவளை அரித்தது. சந்தையில் இப்போது எல்லோரும் ஜெர்மன் சில்வர், ஜெர்மன் சில்வர் என்றார்கள். அடுப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. கர்த்தோ என்று ஒருவரும் சொல்லவில்லை. தர்சோனோ செய்த குற்றம் ஒன்று, அவன் விழுவது செய்யாத ஒன்றுக்காக. இப்படி விழுந்தால் அவன் யோக்கியன். யோக்கியனாக அவன் விழுவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒரு நாள் காலை மதிலுக்கு அப்பால் துமிராவின் குரல். கத்தவில்லை. அது முதல் முறை.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன். என்ன?"

"உங்க புருஷன் கபுர் மேல சத்தியம் பண்ணுங்க. எங்களாலதான் துணி கெட்டுச்சுன்னு ஒரே ஒரு சத்தியம். பண்ணிட்டீங்கன்னா நாங்க மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிடறோம். என் புருஷனுக்கே இப்ப சந்தேகம் வந்துடுச்சு, உருக்க வாங்கின வெள்ளியிலயே கலப்படம் இருந்துச்சோன்னு ராத்திரியெல்லாம் பொலம்பறாரு."

மர்சியெம் வாயைத் திறந்தாள். ஆட்டை முட்டை போடவைத்த வாய், கல்லறை மலைக்குப் படி கட்டிய வாய். சத்தியம் வரவில்லை. "லெகி நாள் சந்தைக்கு வா, உன் புருஷனையும் கூட்டிக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

லெகி ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும் பெரிய சந்தை. அந்த நாளை அவள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தாள். வீட்டில் மூன்று வாரமாகத் துணி இல்லை, அண்டா கவிழ்ந்து கிடக்கிறது. சாயம் ஓடாத நாளில் சாயக்காரி சொல்வது வெறும் பேச்சு. அதை ஊர் நம்பும். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, ஒளித்து வைத்த துணியை இடுக்கிக்கொண்டு, யத்மியிடம் சொல்லாமல் விடிவதற்குள் கிளம்பினாள்.

டெம்பேக் கடைக்கு எதிரே கவிழ்த்த கூடைமேல் ஏறி நின்றாள். தர்சோனோவும் துமிராவும் தூரத்தில் நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க. தர்சோனோ வெள்ளி சுத்த வெள்ளி. நான் சொன்னது பொய். துணி கெட்டது என்னால. என் நாக்குச் செத்துப் போச்சு, துவர்ப்பும் தெரியல, காரமும் தெரியல."

"ஆனா துணி கெட்டுச்சே அக்கா?" என்றாள் டெம்பேக்காரி. "பொய்யா இருந்தா ஏன் கெடுது?"

"ஆடு முட்டை போட்டதா சொன்னேனே, அந்தத் துணியும் கெட்டுத்தான் போச்சு. ஒளிச்சு வச்சிருந்தேன். இந்தா பாரு!" துணியை விரித்தாள். "ஆடு முட்டை போட்டுச்சா? எவனாவது பாத்தீங்களா? சொல்லுங்கடா! அப்ப துணி எதனால கெட்டுச்சு? என்னாலதான். நான் இனிமே சாயக்காரி இல்ல. போதுமா?"

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெம்பேக்காரி மெதுவாகத் தலையை ஆட்டினாள். தர்சோனோ ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான். மர்சியெமின் வாழ்க்கையில் அவள் சொன்ன ஒரு உண்மை ஊரின் காதில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவர்கள் சந்திலிருந்து கீரைக்காரன் ஒருவன் கூடையோடு வந்து சேர்ந்தான். கூட்டத்தைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்னக்கா, இன்னிக்கு என்ன பொய்? உங்க வீட்டுச் சாக்கடையில பழுப்புத் தண்ணி ஓடுது!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சந்தை முழுக்க வெடித்தது. டெம்பேக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "யப்பா! கெட்டுப்போன துணிய வேற கொண்டாந்து காட்டுறா பாரு! அழுதுட்டிருப்பேன் இன்னும் கொஞ்சம் விட்டா! நாக்குச் செத்துப் போச்சாம்!"

"இல்ல! இது பொய்யில்ல! எங்க வீட்டுல சாயம் ஓடல, அண்டா கவுந்து கெடக்கு!"

அவள் கத்தக் கத்தச் சிரிப்பு ஏறியது. நுணலும் தன் வாயால் கெடும். இவள் முப்பத்தொரு வருஷம் வாயால் வாழ்ந்தவள். துமிரா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்குத்தான் எங்களை வரச் சொன்னியா?" என்று கேட்டுவிட்டுக் காலடியில் துப்பினாள்.

மர்சியெம் வீட்டுக்கு ஓடினாள். அண்டா நிமிர்ந்திருந்தது. யத்மி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணியை முக்கிக்கொண்டிருந்தாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டாள்.

"யாரைக் கேட்டுடி எறக்கின?"

"ரெத்னோ அம்மாவைக் கேட்டு. உங்களுக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். வீட்டுல அரிசி இல்ல, உங்களுக்குத் தெரியாது."

நாலாம் நாள் துணி வந்தது. ஒரு திட்டு இல்லை, ஒரு கீறல் இல்லை. நெய்யில் வறுத்த வெல்லம் மாதிரி பழுப்பு. யத்மி அதைச் சந்தில் மூங்கில் கட்டி எல்லோரும் பார்க்கும்படி உலர்த்தினாள். பார்த்தவர்களுக்குக் கணக்குச் சுலபமாக இருந்தது. சாயம் பிடித்திருக்கிறது, ஆகவே மர்சியெம் சந்தையில் சொன்னது பொய். தர்சோனோ வெள்ளி சுத்தம் என்றுதானே சொன்னாள்? அப்படியானால் அவன் கள்ளன்தான். இதுவரை கொஞ்சம் சந்தேகப்பட்டவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

அன்று மாலை மர்சியெம் மருமகளின் எதிரில் வந்து நின்றாள். அந்த வீட்டில் அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"ஒரு பத்து நாள் நிறுத்து யத்மி. சாக்கடை காயட்டும். ரெண்டு லெகி சந்தையில நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"வீட்டுல துணி இல்லாத நாள்னு ஒண்ணு இனிமே கெடையாது அத்தே. இன்னும் ஆறு துணி வருது."

"ஒரு மனுஷன் அழியறான்டி."

"நான் அழிஞ்சப்ப நீங்க எத்தன நாள் நிறுத்துனீங்க?" யத்மி சோற்றைத் தட்டில் போட்டு அவள் முன்னால் தள்ளினாள். "சாப்பிடுங்க. உப்பு போட்டிருக்கேன். நான் சொன்னா நம்பணும், வேற வழியில்ல."

அடுத்த மாதம் தர்சோனோ வீட்டைக் காலி செய்தான். பட்டறைச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றி, துமிரா பின்னாலிருந்து தள்ள, சந்து வழியே வந்தான். மர்சியெம் வாசலில் குறுக்கே நின்றாள். முப்பது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பக்கத்தில் முகம் பார்த்தது அன்றுதான்.

"நீ அடுப்பை மாத்தச் சொன்ன" என்றாள்.

"சொன்னேன். அதைக் கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கர்த்தோ அண்ணன்கிட்ட தப்புன்னு சொன்னேன், கால்ல விழுந்து சொன்னேன். நீ கேக்கவே இல்ல."

"சந்தையில நான் சொன்னது உண்மை."

"தெரியும். உன் மருமவளுக்கும் தெரியும். உண்மை தெரிஞ்ச மூணு பேரை வச்சுக்கிட்டு நான் யாருக்கு வெள்ளி விக்கிறது? வழிய விடு."

அவள் வழி விட்டாள். வண்டி நகர்ந்ததும் என்ன தோன்றியதோ, பின்னாலேயே ஓடினாள். "இவன் வெள்ளி சுத்தம்! கேளுங்க, இவன் வெள்ளி சுத்தம்!" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினாள். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சாக்கடையைப் பார்த்தார்கள். "இன்னிக்கு என்ன துணி அக்கா, பெரிசா?" என்று ஒருத்தி கேட்டாள். கீரைக்காரன் கை தட்டினான். தர்சோனோ திரும்பிப் பார்க்காமல் வண்டியை இழுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஏறிவிட்டான்.

அன்று யத்மி தோய்த்த துணியும் நன்றாகவே வந்தது.